பீட்டாவில் பிழை கண்டால், "எப்போது வரை ஓடியது" என்பதை எழுதுங்கள்

லினக்ஸ் டெஸ்க்டாப்பின் பீட்டாவை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை, ஓட்டிப் பார்ப்பவர் கையில் மட்டும் இருக்கிற தகவல் ஒன்று உண்டு: இது எப்போது வரை சரியாக ஓடியது, எந்த அப்டேட்டுக்கு அப்புறம் கெட்டது என்பது. நிரலை எழுதியவருக்கே அது தெரியாது. வெளியீடு வரும்வரை காத்திருந்து பழைய பதிப்பிலிருந்து புதியதற்குத் தாவுகிறவர், பல மாத மாற்றங்களை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். எது கெடுத்தது என்று அவரால் சொல்ல முடியாது. தினமும் அப்டேட் வாங்கும் நம்மால் முடியும். ஃபெடோரா, உபுண்டு என்ற இரண்டு டிஸ்ட்ரோக்களையும் (லினக்ஸ் தொகுப்புகளையும்) பல வெளியீடுகளாக பீட்டா நிலையிலேயே ஓட்டிப் பார்க்கிறேன். நான் அனுப்பியவற்றில் சீக்கிரம் திருத்தப்பட்டவை பெரும்பாலும் இந்தத் தகவல் தெளிவாக இருந்தவைதான்.

இதன் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்தது போதும். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் வளர்நிலைப் பதிப்பான சிட்டில், எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைவது) வழக்கத்தைவிடத் தாமதமாவதைக் கவனித்தார். முன்பு 0.299 விநாடி, இப்போது 0.807 விநாடி. அரை விநாடிதானே என்று விடவில்லை. தோண்டிக்கொண்டே போனவர் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒளித்துவைத்த பின்கதவை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, கண்டுபிடித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது நுழையும் முன்பே பிடிபட்டது. உபுண்டு 24.04-இன் பீட்டா இதனாலேயே ஒரு வாரம் தள்ளிப்போனது. அவர் எழுதிய குறிப்பில் அந்த "முன்பு, பின்பு" எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

நிறுவும்போது

அன்றாட வேலைக்கு நம்பியிருக்கும் சிஸ்டத்தின் மேல் பீட்டாவை ஏற்றாதீர்கள். தனி டிஸ்க் நல்லது, இல்லையென்றால் தனி பார்ட்டிஷன், எப்படியானாலும் முதலில் பேக்கப். விர்ச்சுவல் மெஷினிலும் சோதிக்கலாம். இன்ஸ்டாலர், செட்டிங்ஸ், செயலிகள் இவற்றுக்கு அது போதும். ஆனால் கிராபிக்ஸ் டிரைவர், தூக்கநிலை, புளூடூத், டச்பேட் பிழைகள் நிஜக் கணினியில்தான் வெளியே வரும். வெளியீட்டுக்கு அப்புறம் மக்களை அதிகம் அலைக்கழிப்பவையும் அவைதான். அதனால் நிஜ வன்பொருளில் சோதிப்பவர்கள் எவ்வளவு பேர் இருந்தாலும் போதாது.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (நிறுவுவதற்கான கோப்பின்) செக்சம்மை, அதாவது அது பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் குறியீட்டை, சரிபாருங்கள். பாதியில் பழுதான கோப்பால் இன்ஸ்டாலர் நின்றுபோனால், அதைப் பிழையென்று நம்பி இன்னொருவர் மணிக்கணக்காகத் தேடுவார். எக்ஸ்டென்ஷன், தீம், வெளிக் களஞ்சியங்கள் (டிஸ்ட்ரோவுக்கு வெளியிலிருந்து பேக்கேஜ் தருபவை) எதையும் சேர்க்காமல் வந்தபடியே ஓட்டுங்கள்.

தினசரிப் பழக்கம்

நாளுக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் அப்டேட் செய்து, உடனே ரீபூட் செய்யுங்கள். அதன் பிறகு அந்த நாள் முழுக்க வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். நான்கு நாள் அப்டேட்டை மொத்தமாக வாங்கினால், சந்தேகப்பட வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலும் நான்கு மடங்காகும். எந்தப் பேக்கேஜ் எப்போது மாறியது என்பதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஃபெடோராவில் டிஎன்எஃப் ஹிஸ்டரி என்ற கட்டளை சொல்லிவிடும். டெபியன், உபுண்டுவில் வார் கோப்புறைக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் ஹிஸ்டரி டாட் லாக் என்ற கோப்பு இருக்கிறது.

ஒரு பிழையை ஆராயும்போது நடுவில் மட்டும் அப்டேட் செய்யாதீர்கள். தரை நகர்ந்துகொண்டிருந்தால் எதையும் அளக்க முடியாது.

பிழை கண்ணில் பட்ட நொடியில்

முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிமிடம் வரைக்கும். ஜர்னலில், அதாவது சிஸ்டம் தானே எழுதிவைக்கும் லாக்கில், ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். சரியான நிமிடம் தெரிந்தால் பார்க்க வேண்டியது இருபது முப்பது வரிகள்தான். கணினி உறைந்து ரீபூட் செய்ய வேண்டி வந்தால், மறுபடி உள்ளே வந்ததும் டெர்மினலில் ஜர்னல்சிடிஎல் என்று தட்டி, ஓர் இடைவெளி, சிறுகோடு பி, இன்னோர் இடைவெளி, சிறுகோடு 1 என்று கொடுங்கள். உறைவதற்கு முன்பிருந்த அமர்வின் லாக் வரும். செயலி மட்டும் செத்துப்போனால் ஃபெடோராவில் கோர்டம்ப்சிடிஎல் என்ற கட்டளை காட்டும். உபுண்டுவில் வார் கோப்புறைக்குள் கிராஷ் என்ற இடத்தில் கோப்பு விழுந்திருக்கும். டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருந்தால், கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சேர்த்து ஓட்டுங்கள். அப்போது பிழைச் செய்தி மூல ஆங்கிலத்தில் வரும். தேடுவதற்கும் மற்றவர் படிப்பதற்கும் அதுதான் வசதி.

அடுத்து, அதே பிழையைத் திரும்ப வரவழைக்கப் பாருங்கள். வந்தால் படிகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: இந்தப் படி இல்லாமலும் வருகிறதா, அந்தச் செயலி திறந்திருக்க வேண்டுமா? எப்போதாவது மட்டும் வருகிறதென்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். "10 முறையில் 3 முறை" என்பது நல்ல தகவல். "சில சமயம்" என்பது பயன்படாது.

புதிதாக ஒரு யூசர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே வரவில்லையென்றால், உங்கள் பழைய செட்டிங்ஸில் ஏதோ ஒன்று காரணம். அப்போதும் அது பிழையாக இருக்கலாம், ஆனால் தேட வேண்டிய இடம் மாறிவிடுகிறது.

பின்னோக்கிப் போவது

தூக்கநிலை, திரை, வைஃபை, ஒலி என்றால் முதலில் பழைய கர்னலில் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதியில்) ஏறிப் பாருங்கள். ஃபெடோரா வழக்கமாக மூன்று கர்னல்களை வைத்திருக்கும். பூட் ஆகும்போது வரும் கிரப் என்ற தொடக்க மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுக்கலாம். மெனு தெரியவில்லை என்றால் ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசை. பழைய கர்னலில் சிக்கல் இல்லையென்றால் பாதி வேலை முடிந்தது.

கர்னல் குற்றவாளி இல்லையென்றால், அன்றைய அப்டேட் பட்டியலில் தொடர்புள்ள பேக்கேஜை மட்டும் பழைய பதிப்புக்கு இறக்கிப் பாருங்கள். ஃபெடோராவின் பழைய பில்டுகள் கோஜி என்ற அதன் பில்டு தளத்தில் கிடைக்கும். டெபியனின் பழைய பேக்கேஜ்கள் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதீர்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போகும்தான், ஆனால் அந்த ஒரு மாலை இன்னொருவருடைய ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

எழுதும் விதம்

"வெளித்திரை வேலை செய்யவில்லை" என்று தலைப்பு வைத்தால் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

தலைப்பு: தூக்கத்திலிருந்து எழுந்தபின் எச்டிஎம்ஐ வெளித்திரை கறுப்பாகவே நிற்கிறது, முந்தைய கர்னலில் இல்லை.

படிகள்: வெளித்திரையை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து லாகின் செய்யவும். பவர் மெனுவில் சஸ்பெண்ட் கொடுக்கவும். ஒரு நிமிடம் கழித்து ஒரு விசையைத் தட்டி எழுப்பவும்.

எதிர்பார்த்தது: இரண்டு திரைகளும் உயிர்பெற வேண்டும்.

நடந்தது: லேப்டாப் திரை வருகிறது, வெளித்திரை கறுப்பு. சுட்டி அந்தப் பக்கம் போய்வருகிறது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் படம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான்.

எப்போதிலிருந்து: நேற்றைய கர்னல் அப்டேட்டிலிருந்து. கிரப்பில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சிக்கல் இல்லை.

இதனுடன் இரண்டு கர்னல்களின் முழு எண், கிராபிக்ஸ் அட்டையின் பெயர், வேலண்ட் அமர்வா எக்ஸ்11 அமர்வா (திரையில் படம் காட்டும் இரண்டு முறைகள்) என்பது, அந்த நிமிடத்து லாக். "சுட்டி அந்தப் பக்கம் போய்வருகிறது" என்ற வரியைப் பாருங்கள். திரை இணைந்திருக்கிறது என்று டெஸ்க்டாப் நம்புகிறது, படம் மட்டும் போய்ச்சேரவில்லை என்பதை அது சொல்கிறது. இப்படிப்பட்ட சின்னக் கவனிப்புகளை விட்டுவிடாதீர்கள். அதே சமயம் காரணத்தை நீங்கள் ஊகித்திருந்தால், அதைக் கடைசியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள். ஊகம் முதல் வரியில் வந்தால் படிப்பவரும் அதன் பின்னாலேயே போய்விடுவார்.

ஒரு அறிக்கைக்கு ஒரு பிழை. பொதுவாக ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும், இலக்கணம் யாருக்கும் பொருட்டில்லை.

எங்கே அனுப்புவது

வெளியீட்டுக்கு முன்பென்றால் முதலில் அந்த டிஸ்ட்ரோவுக்கே அனுப்புங்கள் என்பேன். எது திருத்தப்படும்வரை வெளியீடு நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். உபுண்டுவில் டெர்மினலில் உபுண்டு-பக் என்ற கட்டளையுடன் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், தேவையான விவரங்களைத் தானே திரட்டி, லாஞ்ச்பேட் என்ற பிழைப் பதிவுத் தளத்தைத் திறக்கும். டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற கட்டளை. ஃபெடோராவில் பக்ஸில்லா என்ற தளம். ஃபெடோராவின் வெளியீட்டு விதிகளை உங்கள் பிழை மீறுகிறதென்றால் அதை பிளாக்கராக (திருத்தும்வரை வெளியீட்டை நிறுத்தும் பிழையாக) முன்மொழிய யாருக்கும் உரிமை உண்டு, அதற்குத் தயங்காதீர்கள். வேறு டிஸ்ட்ரோக்களிலும் அதே பிழை வருகிறதென்று பார்த்துவிட்டால், அந்த டெஸ்க்டாப்பை எழுதுபவர்களிடமே, க்னோமின் கிட்லேபுக்கோ கேடிஇயின் பக்ஸில்லாவுக்கோ போகலாம்.

அனுப்பும் முன் தேடுங்கள். ஏற்கெனவே இருந்தால் "எனக்கும்தான்" என்று மட்டும் எழுதாமல், லாஞ்ச்பேடில் அதற்கென்றே இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். உங்களிடம் வேறு வன்பொருள் இருந்தாலோ, கெட்டுப்போன தேதி தெரிந்தாலோ அதைக் கருத்தாகச் சேருங்கள்.

லாக்கில் உங்கள் யூசர் பெயர், வைஃபை பெயர் எல்லாம் இருக்கும். படித்துப் பார்த்து நீக்குங்கள். கோர் டம்ப்பில் (செயலி செத்தபோது பதிவாகும் கோப்பில்) அதன் நினைவகமே இருக்கிறது, கடவுச்சொல்கூட அதில் சிக்கியிருக்கலாம். அதைப் பொதுவில் போடவே கூடாது. பாதுகாப்புப் பிழையென்று சந்தேகம் வந்தால் அந்தத் திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

கேள்வி வரும். அது பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளையை ஓட்டிக் காட்டச் சொல்வதுதான், அன்றே பதில் போடுங்கள். லாஞ்ச்பேடில் "முழுமையற்றது" என்று குறிக்கப்பட்ட பிழைக்கு 60 நாள் பதில் வராவிட்டால் அது தானாகக் காலாவதியாகும்.

திருத்தம் முதலில் ஃபெடோராவில் அப்டேட்ஸ்-டெஸ்டிங், உபுண்டுவில் புரபோஸ்ட் என்ற சோதனைக் களஞ்சியத்துக்கு வரும். அந்தப் பேக்கேஜை மட்டும் நிறுவி, ரீபூட் செய்து, அறிக்கையில் எழுதிய அதே படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். பேக்கேஜின் முழுப் பதிப்பெண்ணோடு, சரியாகிவிட்டது அல்லது இன்னும் இருக்கிறது என்று எழுதுங்கள். ஃபெடோராவில் போதி தளத்தில் அந்த அப்டேட்டுக்கு வாக்கும் போடுங்கள். போதுமான வாக்கு சேர்ந்தால் அது எல்லோருக்கும் சீக்கிரம் போகும்.