செம்பனை நிரையில் ஒரு கேள்வி: பிள்ளையின் ஆர்வத்தை வளர்ச்சியாக்குவது எப்படி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவைப் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று பெரியவர்களே சொல்லிச் சொல்லி, பிள்ளைகளும் அதையே நம்பிவிடுகிறார்கள். ஆனால் 13, 14 வயதுப் பிள்ளை தானாகக் கேட்ட ஒரு கேள்விக்கு, விடை கிடைக்கும்வரை தன் காலாலேயே நடந்து தேடினால், அதில் வரும் துணிவும் பொறுமையும் எந்தச் சுற்றுலாவிலும் வருவதில்லை. என் அக்காள் மகனோடு நடந்த அனுபவத்தைக் கொண்டே அதற்கான வழியைச் சொல்கிறேன்.

முதலாவதாக, கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். நாம் தலைப்புக் கொடுத்தால் அது வீட்டுப்பாடமாகிவிடும். செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது, "மாமா, இங்கே எங்கிருந்து சோம்பு வாசம் வருகிறது?" என்று அவன் கேட்டான். எனக்கு விடை தெரியும்; ஆனாலும் சொல்லவில்லை. தெரிந்த விடையை நாவிலேயே நிறுத்திக்கொள்வதுதான் பெரியவர்களுக்கு இதில் மிகக் கடினமான வேலை என்பேன்.

அடுத்து, அனுமதி. தோட்ட அலுவலகத்தில் பிள்ளையே பேசட்டும். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். குலை வெட்டும் நிரைக்கும் களைக்கொல்லி தெளித்த நிரைக்கும் அன்று போகக் கூடாது. எலியைத் தேடி நாகப்பாம்பு வரும் இடமாதலால் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் காலணி கட்டாயம். மட்டைக் குவியலுக்குள் கைவிடவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத தடை பிள்ளையின் மனத்தில் வெறும் அச்சமாகத் தங்கிவிடும். காரணம் தெரிந்தால் அதுவே எச்சரிக்கையாகும்.

பிறகு அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் மழை பெய்து திரும்பிவிட்டோம். இரண்டாம் நாள், தாழ்வான ஒரு மரத்தில், மட்டைகளின் இடுக்கில் விரல் விரலாக நீண்டிருந்த ஆண் பூங்குலையை அவனே கண்டுபிடித்து, முகத்தை அருகில் கொண்டுபோய், "இதுதான்" என்றான். மஞ்சள் மகரந்தத்தின்மேல், அரிசியைவிடச் சிறிய கரும்பழுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளை, கால்மணி நேரம் அசையாமல் நின்றான். அப்படி நிற்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கண்டதைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்கலாம் என்பதையும் பிள்ளையே முடிவு செய்யட்டும். புத்தகத்தையும் கைப்பேசியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்தில் உழைத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் போக வேண்டும். அவன் போனது என் பெரியம்மாவிடம். இளவயதில் மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, பெண் பூக்களைத் தேடித் தேடித் தூவிய நாட்களை அவர் சொல்லிவிட்டு, "அப்போது நாங்கள்தான்யா வண்டு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்குப் பூவும் வண்டும் மனித உழைப்பும் ஒன்றாக விளங்கின.

நம் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது என்பதும், மரத்தின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த வண்டே மகரந்தத்தைச் சுமந்து செல்வதைக் கண்டறிந்து, கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் இங்கே விட்டார்கள் என்பதும் அதன் பிறகு அவன் படித்துத் தெரிந்துகொண்டவை. இங்கே கைவேலை இல்லாமல் காய் சரியாகப் பிடிக்காத மரம், அங்கே மட்டும் எப்படித் தானாகக் காய்க்கிறது என்று ஒருவர் சலிக்காமல் கேட்டதன் பலன் அது. தன் சோம்பு வாசக் கேள்வியும் அதே வகையைச் சேர்ந்தது என்று அவன் உணர்ந்தபோது அவன் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை நான் மறக்கமாட்டேன்.

கண்டதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதவும் வரையவும் சொல்லுங்கள். எழுத்துப் பிழையை அங்கே திருத்த வேண்டாம். அடுத்த முறை இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். போகும் நிரையையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் தவறக் கூடாது.

இப்போது அவன், எலிகளைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் கம்பம் நட்டு வைத்திருக்கும் ஆந்தைப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அனுமதி வாங்க இம்முறை அலுவலகத்திற்குத் தனியாகவே போய்வந்தான்.