எடை போனாலும் நிறை போகாது: மிதக்கும் வண்டிகளில் செய்யும் தவறுகள்

வீடியோ கேமில் மிதக்கும் வண்டி செய்ய உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, ஈர்ப்பு விசைக்கான டிக்கை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். வண்டி மிதக்கும், சரி. முதல் திருப்பத்திலேயே ஈரத் தரையில் விட்ட சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எடையும் (ஈர்ப்பு இழுக்கும் விசை) நிறையும் (வண்டியில் இருக்கும் பொருளின் அளவு) ஒன்று என்று நினைப்பதால் வரும் வினை இது. எடை பூஜ்யமானாலும் 1,000 கிலோ நிறை அப்படியேதான் இருக்கிறது, நிறுத்தவும் திருப்பவும் பழைய அளவு விசை வேண்டும், டயர் தரையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த உராய்வுதான் இப்போது இல்லை. மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்ப 18 மீ/வி² முடுக்கம் தேவை, புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை எது தரும்? வண்டியைச் சாய்த்தால் போதும் என்பார்கள். கீழ்நோக்கி எதையாவது தள்ளி மிதக்கும் வண்டிக்கு அது பொருந்தும், சாயும்போது அந்த விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பும். ஈர்ப்பையே அணைத்துவிட்ட வண்டியில் சாய்வது வெறும் அழகுக்குத்தான். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் இரண்டின் வசதியையும் எடுத்துக்கொள்வதுதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

அணைக்கிற வகை என்றால் இன்னொன்று: வண்டி அந்தரத்தில் அசையாமல் நிற்காது. பூமி சுழல்வதால், காற்றை மறந்துவிட்டுப் பார்த்தால், நிலநடுக்கோட்டில் ஒரே நிமிடத்தில் தரையிலிருந்து சுமார் 60 மீட்டர் விலகிவிடும். நிறுத்திய வண்டியைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கிற காட்சி ஒன்று வைத்தால் அந்த உலகமே நம்பும்படி ஆகிவிடும்.

தள்ளுகிற வகையில் சிக்கல் நிரலில். வண்டிக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு ரேகாஸ்ட் (தரை எவ்வளவு தூரம் என்று பார்க்க விடும் கண்ணுக்குத் தெரியாத கோடு) விட்டால் மேட்டில் ஏறும்போது மூக்கு மண்ணில் குத்தும், நான்கு மூலையிலிருந்தும் விடுங்கள். அந்தத் தூரத்தைப் பார்த்து வண்டியைத் தூக்கும் ஸ்பிரிங் விசையோடு டாம்பிங் (ஆட்டத்தை அடக்கும் எதிர்விசை) சேர்க்காவிட்டால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். அப்புறம், கேம் செய்யும் மென்பொருள் யூனிட்டி என்றால் இந்த விசைகளை ஃபிக்ஸட் அப்டேட்டில் (சீரான இடைவெளியில் ஓடும் நிரல் பகுதி) போடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கணினியிலும் வண்டி ஒவ்வொரு மாதிரி ஆடும்.

ஆற்றல் கணக்கை யாரும் பார்ப்பதில்லை, விளையாடுகிறவர் பார்ப்பார். 1,000 கிலோ வண்டியைச் செலவில்லாமல் 100 மீட்டர் ஏற்றி சுவிட்சை அணைத்தால் கீழே விழும்போது சுமார் 10 லட்சம் ஜூல் கையில். அதையே சுத்தியலாக்கி உங்கள் கோட்டைக் கதவை உடைத்துவிடுவார். ஏறும் உயரத்துக்குத் தக்க பேட்டரி குறையட்டும்.