பன்றி வேலையில் விடும் பிழைகள்

கொழும்பு ஹோட்டல்களின் மிச்சச் சாப்பாடு பரல் பரலாக ஜா-எல, நீர்கொழும்புப் பக்கம் பன்றிப் பட்டிகளுக்குப் போகிறது. அங்கே வேலை செய்பவர்களிலும் இங்கே கொழும்பில் பன்றி இறைச்சி வெட்டுபவர்களிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் முதல் பிழை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவிலேயே (ஓ.பி.டி.) நடக்கும். "என்ன வேலை?" என்று டொக்டர் கேட்க, என் சித்தப்பா "கூலி வேலை" என்றார். பன்றி என்று சொல்ல வெட்கம். டெங்குவா என்று இரத்தம் பார்த்து, பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் சூயிஸ் என்ற பக்டீரியா பன்றியின் தொண்டையிலும் மூக்கிலும் குடியிருக்கும். பன்றி துள்ளித் திரியும். "என்ட பன்றிக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்பதை நம்பி ஏமாற வேண்டாம். வெட்டுக்காயம் வழியாக மனிதருக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரலாம். பிழைத்தவர்களில் பலருக்குக் காது கேட்காமல் போகிறது. சீனாவின் சிச்சுவானில் 2005 இல் 200 பேருக்கு மேல் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். வருத்தத்தில் கிடந்ததையும் செத்ததையும் வீட்டிலேயே அறுத்தவர்கள்தான் அநேகம். செத்த பன்றியை "வீணாக்குவானேன்" என்று கத்தி எடுப்பது அதனால் மகா பிழை.

விரல் வெட்டுப்பட்டால் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். கொஞ்ச நேரத்தில் அது இரத்தத்திலும் மலத்திலும் ஊறி, காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேல் கையுறை போட வேண்டும். கையுறை கிழிந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே புகுந்த அழுக்குத் தண்ணீர் வியர்வையோடு தேங்கி நிற்கும்.

எலிக்காய்ச்சல் வயல்காரருக்குத்தான் என்பதும் பிழை. எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, பன்றியின் சிறுநீரிலும் அந்தக் கிருமி வரும். செருப்பில்லாமல் பட்டி கழுவாதீர்கள், பூட்ஸ் போடுங்கள். மிச்சச் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் போடுவதும் வேண்டாம்.

பன்றித் தீனியில் அன்டிபயோட்டிக்கை அளவில்லாமல் கலப்பது இன்னொரு பிழை. நெதர்லாந்தில் பன்றி வளர்ப்பவர்களின் மூக்கில் மருந்துக்கு அடங்காத ஒரு ஸ்டெபிலோகொக்கஸ் பக்டீரியா வகையைக் கண்டார்கள். அது முதலில் மனிதரிடமிருந்து பன்றிக்குப் போய், அங்கே மருந்துக்குப் பழகித் திரும்பி வந்தது என்று மரபணு ஆய்வு காட்டியது. நாங்கள் கொடுத்ததுதான், வட்டியோடு வந்திருக்கிறது.

காய்ச்சலோடு கழுத்து இறுகினால், தலை பிளந்தால், காது மந்தமானால் பாமசியில் குளிசை வாங்கிக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் டொக்டர் கேட்க முன்பே சொல்லுங்கள்: "நான் பன்றி வேலை, டொக்டர். போன கிழமை விரல் வெட்டுப்பட்டது."