சூடான கிறிஸ்மஸ் பானங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தானா ராத்தாவில் டிசம்பர் இரவுகளின் குளிருக்கு மசாலா ஒயின் இதமானது. அதை முதன்முறையாகக் காய்ச்சும் இளையோர், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளையே செய்வதைக் கடந்த ஆண்டும் கண்டேன். இனிப்பு கூடிப்போவது போன்றவற்றை நாக்கே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒயினைக் கொதிக்க விடுவது

நள்ளிரவுப் பூசை முடிந்து வருவோருக்காக, இரண்டு போத்தல் சிவப்பு ஒயினைப் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் துண்டுகளோடு ஒரே பானையில் ஊற்றி, அக்காவின் பொறுப்பில் அடுப்பில் விட்டுச் சென்றேன். திரும்பியபோது வாசல்வரை மணந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். குவளையில் இருந்ததோ கசப்பும் புளிப்பும் மட்டுமே. வீடு மணக்க மணக்கப் பானம் தன் மணத்தை இழக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இன்றும் யாராவது கொதிக்கும் பானையைக் காட்டி, "எப்படி மணக்கிறது, பாருங்கள்" என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மதுச்சாரத்தின் கொதிநிலை ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ்; அதற்கு முன்பே அது ஆவியாகத் தொடங்கிவிடும். சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் தண்ணீரே ஏறத்தாழ 95 பாகையில் கொதிக்கும். ஆகவே, குமிழி எழுந்த பிறகு தீயைக் குறைக்கலாம் என்று காத்திருப்பவர் அதற்குள் பாதி மணத்தை இழந்திருப்பார். ஆரஞ்சின் வெள்ளைத் தோலும் நீண்ட கொதியில் கசப்பை இறக்கிவிடும்.

ஒரு போத்தலுக்கு, 200 மில்லிலிட்டர் தண்ணீரில் சர்க்கரை, ஒரு பட்டை, ஐந்து கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, ஆரஞ்சின் மேல்தோல் ஆகியவற்றை இட்டுப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். விருந்தினர் வந்த பிறகு ஒயினைச் சேர்த்து, ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது 70 பாகை வரை மட்டும் சூடாக்குங்கள்.

அலுமினியப் பானை

ஒயினின் புளிப்பு உலோகச் சுவையை இழுத்துவரும். எவர்சில்வர் போதும்.

பொடித்த மசாலா

பானம் கலங்கும். முழுதாகவே போடுங்கள்.

எக்நாக்கில் அவசரம்

எக்நாக் என்பது பால், முட்டை, ரம் சேர்ந்த பானம். சூடான பாலில் முட்டையைக் கொட்டினால் அது திரிந்துவிடும். பாலைத்தான் கரண்டி கரண்டியாக முட்டைக் கலவையில் சேர்த்து, பிறகு கிளறியபடியே 71 பாகை வரை சூடாக்க வேண்டும். ரம்மை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே ஊற்றுங்கள்.

எல்லாருக்கும் ஒரே பானை

பிள்ளைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் அதே மசாலா நீரைத் திராட்சைச் சாற்றில் கலந்து தனியாகச் சூடாக்குங்கள். முஸ்லிம் அண்டைவீட்டார் வருவதாக இருந்தால், மது தொடாத பானையும் கரண்டியும் குவளைகளும் வேண்டும்; அவை இல்லையென்றால், திறக்காத பானப் போத்தலையே அவர்கள் கையில் கொடுப்பதுதான் மரியாதை.