வாட்டம் கிடைக்கும் இடத்தில்தான் குளியலறை

நகரத்துக்குள் வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் ஒன்று எங்களுடையது. அகலம் 14 அடி, தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். குளியலறை, கழிப்பறை எல்லாம் கீழே பின்பக்கம். படுக்கை அறைகள் எல்லாம் மேலே. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு, இரவில் இரண்டு முறை அந்தச் செங்குத்தான படியில் அவர் இறங்கி ஏறும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பேன். முதல் மாடியில் ஒரு சிறிய குளியலறை கட்டியே ஆக வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அந்த வேலையில் கற்றதை, இதே மாதிரி வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நான் குறித்த இடம் அம்மாவின் அறையை ஒட்டிய முன்பக்க மூலை. காகிதத்தில் அழகாகப் பொருந்தியது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்குது?" அது பின்சுவருக்கு வெளியே இறங்குகிறது. அங்கிருந்து முன்பக்க மூலைக்கு 6 மீட்டர். கழிப்பறைக் குழாய்க்கு 40-க்கு 1 என்று வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, கொடுத்தால் 15 செ.மீ. இறக்கம் வேண்டும். குழாயின் விட்டம் 11 செ.மீ. இரண்டையும் சேர்த்தால் 26 செ.மீ. எங்கள் மாடித்தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்களின் உயரமே 20 செ.மீ.தான். அதோடு அந்தச் சட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்குக் குறுக்கே போகின்றன. முன்னிருந்து பின்னுக்குக் குழாய் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒவ்வொரு சட்டத்தையும் வெட்ட வேண்டும். அந்தத் திட்டம் அன்றோடு முடிந்தது.

ஆகவே டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இப்போதுள்ள கழிவுநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். தரைப் பலகையில் இரண்டைக் கழற்றி, கீழே சட்டம் எந்தத் திசையில் ஓடுகிறது, அதன் உயரம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். வாட்டம் கிடைக்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் குளியலறை. மோட்டார் வைத்துக் கழிவை அரைத்துத் தள்ளும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் மின்சாரம் போனால் கழிப்பறையும் நின்றுவிடும். வயதானவர்கள் பயன்படுத்தும் அறைக்கு, அதுவும் வீட்டின் மாடியில் அது ஒன்றே கழிப்பறை என்னும்போது, நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது பின்சுவரை ஒட்டி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம். உள்ளளவு 210 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம். பார்ப்பதற்கு அலமாரி அளவுதான். ஆனால் நீளப் பக்கம் பின்சுவரோடு ஒட்டியிருந்ததால் ஷவர், கழிப்பறை, வாஷ்பேசின் மூன்றையும் ஒரே வரிசையில் அந்தச் சுவரிலேயே வைக்க முடிந்தது. ஷவருக்கு 85 செ.மீ. கழிப்பறைக் கோப்பையின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 38 செ.மீ. வீதம் 76. மிச்சமுள்ள 49 செ.மீ.யில் 40 செ.மீ. அகல பேசின். கோப்பையின் நீளம் 60 செ.மீ. இருக்கும்படி தேர்ந்தெடுத்தோம். அப்படியானால் முன்னால் முழங்கால் இடிக்காமல் இன்னொரு 60 செ.மீ. கிடைக்கும். 38 என்ற அந்த அளவைக் குறைக்கவே குறைக்காதீர்கள். குறைத்தால் உட்காரும்போது தோள் சுவரில் இடிக்கும்.

கோப்பை வாங்கும்போது பின்பக்கமாக வெளியேறும் வகையைக் கேளுங்கள். கடையில் பி ட்ராப் என்பார்கள். ட்ராப் என்றால் நாற்றம் வராமல் தண்ணீர் தங்கி நிற்கும் குழாய் வளைவு. கீழ்நோக்கி இறங்கும் எஸ் ட்ராப் வகை வாங்கினால் தளத்தைத் துளைக்க வேண்டும். பின்பக்க வகையில் குழாய் தரைக்கு மேலேயே சுவர் வழியாக வெளியே போய்விடும். எங்கள் வீட்டில் கழிப்பறைக்காக ஒரு சட்டத்தைக்கூடத் தொடவில்லை. ஷவரின் கழிவுநீர்க் குழாயும் பின்சுவருக்கும் கடைசிச் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேயே போனது. உங்கள் வீட்டில் சட்டத்தைத் துளைத்தே ஆக வேண்டும் என்றால், அதன் உயரத்தில் நடுமட்டத்தில் சிறு துளை போடலாம். மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ வெட்டுவது, அதிலும் சட்டத்தின் நீளத்தில் நடுப்பகுதியில் வெட்டுவது கூடாது. பாரம் அதிகம் தாங்குவது அங்கேதான்.

பலகையைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. சுவருக்குள் செருகியிருந்த ஒரு சட்டத்தின் முனை இற்றுப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் இரண்டு செ.மீ. உள்ளே இறங்கியது. வெளிச்சுவரில் வெகுநாளாக ஓதம் ஏறி அந்த மூலை நனைந்தபடியே இருந்ததுதான் காரணம். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சொன்னபடி பக்கத்திலேயே புதுச் சட்டம் ஒன்றைச் சுவரில் உட்கார வைத்துப் பழையதோடு போல்ட் போட்டு இணைத்தோம். இரண்டு நாள் வேலை. அதைப் பார்க்காமல் மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. எல்லாச் சட்டத்தின் இரண்டு முனைகளையும் குத்திப் பாருங்கள், ஒன்றையும் விடாதீர்கள்.

பாரத்தையும் கணக்கில் எடுங்கள். 5 செ.மீ. கனத்துக்கு சிமெண்ட் கலவை போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. எங்கள் குட்டி அறைக்கே 250 கிலோ வந்திருக்கும், டைல்ஸ் தனி. மரத்தளத்தில் அது வேண்டாம் என்று பிளைவுட் மேல் சிமெண்ட் போர்டு, அதன் மேல் நீர்க்காப்புப் பூச்சு, பிறகு டைல்ஸ் என்று போனோம். ஷவர் பகுதிக்கு வாட்டத்தோடு வார்த்து வரும் தட்டு வைத்தோம். குளியல் தொட்டி ஆசை இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நினைவில் வையுங்கள்.

சுவர் விஷயத்தில் கொத்தனாரோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அவர் எல்லாவற்றையும் சிமெண்டால் பூசிவிடலாம் என்றார். பழைய வீட்டின் செங்கல் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி, பிறகு மெல்லக் காற்றில் விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். முதலில் வெளிப்பக்க ஓதத்தைச் சரிசெய்தோம். அப்புறம் சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு மெல்லிய சட்டம் அடித்து அதில் சிமெண்ட் போர்டு பொருத்தினோம். நான் மேலே சொன்ன அளவெல்லாம் இந்தப் போர்டுக்கு உட்பட்டவை. 6 செ.மீ. போனது உண்மைதான். ஆனால் தண்ணீர்க் குழாயெல்லாம் அந்த இடைவெளியில் ஒளிந்துகொண்டது. பொதுச்சுவரில் காடி எடுக்கவே இல்லை. அந்தச் சுவரில் பாதி பக்கத்து வீட்டுக்காரருடையது. வேலை தொடங்குவதற்கு முன் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், நீங்களும் சொல்லுங்கள்.

இடிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பழைய சிமெண்ட் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்வாகத் தேய்ப்பதோ உடைப்பதோ வேண்டாம். பரிசோதிக்கக் கொடுத்துவிட்டுத் தொடுங்கள்.

எல்லாம் இணைத்த அன்று ஃப்ளஷ் செய்தால் வாஷ்பேசினிலிருந்து களக் களக் என்று சத்தம், பின்னாலேயே நாற்றம். ஒவ்வொரு ட்ராப்பிலும் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் நின்று காற்றை அடைக்க வேண்டும். ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும் வேகத்தில் குழாய்க்குள் காற்று குறைந்து, பேசின் ட்ராப்பில் நின்ற தண்ணீரை உறிஞ்சிவிட்டது. கூரைக்கு மேல் ஏறிப் பார்த்தால், காற்று போக வேண்டிய குழாயின் வாயை எப்போதோ யாரோ சிமெண்டால் அடைத்திருந்தார்கள். திறந்து கம்பிவலை மாட்டியதும் சத்தம் நின்றது, நாற்றமும் போனது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. வெளியேறும் குழாய்க்குள், இணைப்புக்குக் கீழே அடைப்பை இறக்கி, ஷவர் தட்டில் 3 செ.மீ. தண்ணீர் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணிநேரம் விடுங்கள். எங்களுக்குக் காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. கீழ்த்தளத்துக் கூரைப் பலகையை மூடாமல் வைத்திருந்ததால், தட்டும் குழாயும் சேரும் இடத்தில் சொட்டுவது நேராகவே தெரிந்தது. வாஷரை மாற்றி மறுபடி நிரப்பினோம். இரண்டாவது நாள் கோடு நகரவில்லை. அதன் பிறகுதான் மூடச் சொன்னேன். மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எல்லாக் குழாயையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார வேலைக்கு உரிமம் பெற்றவரையே வையுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஹீட்டர் இணைப்பு வேண்டாம். காற்றுப் போக்கிக்கு அறையின் கன அளவைப் பாருங்கள். எங்களுடையது 6 கன மீட்டர். மணிக்கு 8 முறை காற்று மாறினால் போதும் என்றாலும், அதைப்போல் இரு மடங்கு இழுக்கும் மின்விசிறி போட்டோம். கதவின் அடியில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டால்தான் அது இழுக்கக் காற்று கிடைக்கும்.

கைப்பிடிக் கம்பிக்கு இடத்தைப் போர்டு அடிப்பதற்கு முன்பே முடிவு செய்து, அங்கே உள்ளே தடித்த மரக்கட்டை வைத்துவிடுங்கள். வெறும் போர்டில் மாட்டிய கம்பி ஆள் பாரத்துக்குப் பிய்த்துக்கொண்டு வரும். அம்மாவைக் கூட்டிவந்து, அவர் கை எங்கே போகிறது என்று பார்த்துக் குறித்தேன். தரையிலிருந்து 86 செ.மீ. வந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இத்தனை சிறிய அறையில் யாராவது விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகையாக வாங்குங்கள். வெளிப்பக்கம் ஒரு சிறு வெட்டு இருக்கும், நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும். அது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.