நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு லேமினேஷனா?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் காரைக்குடியில் என் பார்லருக்கு வரும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, நாளைக்குப் பெண் அழைப்பு. இன்னைக்குப் புருவத்துக்கு லேமினேஷன் பண்ணிரலாமா?" முடியாது என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடை தேடிப் போனவர்களும் உண்டு.

பாதிக் குழப்பம் அந்தப் பெயரால் வந்தது. ரேஷன் கார்டுக்குப் பிளாஸ்டிக் உறை போடுகிற மாதிரி புருவத்தின் மேல் எதையோ ஒட்டப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எதையும் ஒட்டுவதில்லை. தலைமுடியைச் சுருட்டவும் நீட்டவும் செய்கிற அதே வேலையைப் புருவத்தில் சின்ன அளவில் செய்கிறோம், அவ்வளவுதான். முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதன் வடிவத்தைக் கட்டிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். பெரும்பாலும் தயோகிளைக்கோலேட் வகையைச் சேர்ந்த முதல் மருந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்தும். தளர்ந்த முடியை வேண்டிய பக்கம் சீவிவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ உள்ள இரண்டாவது மருந்தைப் பூசினால் அப்படியே இறுகிக்கொள்ளும். கீழ்நோக்கிப் படிந்து கிடந்த முடி நிமிர்ந்து நிற்கும். நடுவிலிருந்த சந்து மறையும். புருவம் அடர்ந்து தெரியும். ஆனால் ஒரு முடிகூடப் புதிதாக முளைக்காது.

இதைப் புரிந்துகொள்ளாமல் வருவதுதான் பெரிய தவறு. கல்லூரிக் காலத்தில் மாதம் இரண்டு தடவை த்ரெட்டிங் போட்டு, பென்சில் கோடு போல ஆக்கிக்கொண்ட புருவத்தில் நிமிர்த்த என்ன இருக்கிறது? இருக்கிற பத்து முடியை நிமிர்த்தினால் நடுவிலுள்ள வெற்றிடம்தான் இன்னும் பளிச்சென்று தெரியும். புருவ முடி உதிர்ந்து மறுபடி முழுசாக வளர நாலு மாதம் போல ஆகும். அதனால் கல்யாணம் பேசி முடித்த அன்றே த்ரெட்டிங்கை நிறுத்தச் சொல்கிறேன். இரண்டாம் மாதம் புருவம் காடாகத் தெரியும், சித்தி பெரியம்மா எல்லாரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

அடுத்தது நாள் கணக்கு. செய்து முடித்த முதல் 24 மணி நேரம் புருவத்தில் தண்ணீர், ஆவி, வியர்வை, எண்ணெய் எதுவும் படக்கூடாது. பட்டால் வடிவம் கலையும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் இது நடக்கிற காரியமா? இரண்டாங்கட்டில் வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். வளவு முற்றத்தில் நிற்க இடமிருக்காது. "ஏண்டி, கல்யாணப் பொண்ணு தலைக்கு எண்ணெய் வைக்காம இருக்கலாமா?" என்று அப்பத்தா கிண்ணத்தோடு வந்து நிற்பார். அவரிடம் கந்தகப் பிணைப்பை யார் விளக்குவது? திருப்பூட்டுதலுக்கு, அதாவது தாலி கட்டுக்கு, ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சிவந்திருந்தால் அடங்கவும் அவகாசம் கிடைக்கும். பிடிப்பு நாலு முதல் எட்டு வாரம் வரை நிற்கும் என்பதால் கல்யாணத்துக்குள் கலைந்துபோகும் என்ற பயம் வேண்டாம். லேமினேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ மருந்தைத் துளி தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் கட்டாயம். அரிப்போ தடிப்போ வந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

மருந்து எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதில் விளையாடவே கூடாது. தயோகிளைக்கோலேட்டின் அண்ணன் தம்பிதான் முடி நீக்கும் கிரீமிலும் இருக்கிறது. அங்கே முடியைக் கரைக்கிற அதே குணத்தைத்தான் இங்கே கடிவாளம் போட்டுப் பயன்படுத்துகிறோம். தொழில் கற்ற புதிதில் என் புருவத்திலேயே செய்து பார்த்தேன். நடுவில் போன் வந்தது, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். துடைத்தபோது ஒரு பக்கம் வறுத்த சேமியா மாதிரி சுருண்டு நின்றது, மறுநாள் ஒடிந்தது. இரண்டு மாதம் ஐப்ரோ பென்சிலோடுதான் வெளியே தலைகாட்டினேன். மெல்லிய முடிக்குக் குறைந்த நேரம், முரட்டு முடிக்குச் சற்றுக் கூட. பாக்கெட்டில் போட்டிருக்கும் உச்ச நேரத்தை யாருக்கும் தாண்டக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்காமல் டிவி சீரியல் பார்ப்பவரிடம் புருவத்தைக் கொடுக்காதீர்கள். அடுத்த தடவைக்கு ஆறு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வழக்கப்படி முதலில் த்ரெட்டிங், பிறகு லேமினேஷன் என்று செய்வதும் தப்பு. நூல் உரசிய தோலில் மருந்து பட்டால் எரியும். முடி எந்தப் பக்கம் படிகிறது என்று தெரிந்த பிறகு ஓரத்தை ஒழுங்கு செய்வதுதான் முறை. பருவுக்கு ரெட்டினால், அடாபலின் பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே புருவப் பக்கம் பூசுவதை நிறுத்திவிடுங்கள்.

எல்லாருக்கும் முடி செங்குத்தாக நிற்க வேண்டுமென்று யார் சொன்னது? நெற்றிச்சுட்டிக்குக் கீழே நட்டுவைத்த புருவம் திடுக்கிட்ட முகத்தைத்தான் காட்டும். சாய்வாகச் சீவச் சொல்லிக் கேளுங்கள்.

கறுப்பாகத் தெரியட்டும் என்று தலைக்குப் போடும் டையையே புருவத்திலும் தடவுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குப் பதறும். பிபிடி என்கிற சாய ரசாயனம் உள்ள டை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: இமைக்கும் புருவத்துக்கும் போடாதீர்கள், பார்வை போகலாம் என்று எச்சரிக்கை இருக்கும். கறுப்பு மெஹந்திக் கோன் போட்டு முன்பு கை கொப்பளித்தவர்களுக்கு அந்த பிபிடியே காரணமாக இருக்கலாம். புருவத்துக்கு டின்ட் என்கிற சாயம் போடுமுன் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

விளக்கெண்ணெய் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. முடி பளபளக்கும், கருத்துத் தெரியும். முளைக்க வைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. போன ஆவணியில் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். விளக்கெண்ணெய் தடவித் தடவிப் பார்த்தும் புருவத்தின் வால் பக்கம் மட்டும் வளரவில்லையாம். உடம்பு அசதி, எடையும் ஏறுகிறது என்றார். தைராய்டு குறைந்தால் புருவத்தின் வெளிப்பக்க முடி கொட்டுவதுண்டு. "ஆச்சி, இதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று ஒரு சீட்டில் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் பெயரான டி.எஸ்.எச். என்று மட்டும் எழுதிக் கையில் கொடுத்தனுப்பினேன்.