பச்சை நிற எக்செல் ஷீட்டை நம்பாதீர்கள்: கம்பெனி ஆன்லைன் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் பயிற்சித் துறையில் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு எக்செல் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாரும் பாடத்தை முடித்துவிட்டார்களாம், முழுக்கப் பச்சை. நானும் ஒரு காலத்தில் இதே ஷீட்டைக் காட்டியவன்தான். பாஸ்வேர்ட் மறப்பது, நெட் வராதது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பாடம் கொடுத்துவிட்டு நேரம் கொடுக்காமல் இருப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் இருந்தேன். ஷாப் ஃப்ளோருக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நாங்கள் கொடுத்ததோ மொபைல் ஆப். டீ பிரேக் 10 நிமிடம், பாடம் 25 நிமிடம். இவர்கள் எப்போது படிப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால், அசெம்பிளியில் வேலை செய்யும் ஒரு அண்ணன் மடியில் நாலு போன், பக்கத்து சீட்டுக்காரர்களுடையதும் சேர்த்து. வீடியோவை ஓடவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, 'அடுத்து' பட்டன் வரும்போது மட்டும் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை. "வீட்டுக்குப் போனா பிள்ளைங்களைப் பார்க்கணும் சார், இதை எப்போ படிக்கிறது?"

அது பம்பில் ஒழுகலைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாட்டும் பாடம். சீல் முகத்தில் எண்ணெய் விரல் படக்கூடாது என்று அதிலேயே இருந்தது. டெஸ்டிங்கில் ஒழுகித் திரும்பிய பம்புகள் குறையவே இல்லை, லைசென்ஸ் பணம் மட்டும் போனது.

வெங்கடேஷும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட, புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று விளக்கும் யூடாட் (UTAUT) மாதிரியில் நான்கு காரணிகள் உண்டு: வேலைக்குப் பயன், எளிமை, சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்ப்பு, வசதி. முதல் மூன்றும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை உண்டாக்கும். வசதி என்பது நிஜப் பயன்பாட்டையே நேராகத் தொடும். நாங்கள் கோட்டைவிட்டது அதில்தான். அதனால் ஷிஃப்ட் தொடக்கத்தில் 15 நிமிடம், லைனுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட், அந்த 15 நிமிடத்தைக் கழித்துக்கொண்ட டார்கெட், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஆப்பைத் திறக்காதீர்கள்.

சூப்பர்வைசரிடம் கடைசியில் சொல்வது

அதே ஆய்வில், சுற்றியிருப்பவர்களின் தாக்கம் கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய இடங்களில்தான் எடுபட்டது. நம் பயிற்சிகள் பெரும்பாலும் கட்டாயம்தானே? "அதெல்லாம் அப்புறம், முதல்ல லைனைப் பாரு" என்று சூப்பர்வைசர் ஒரு தடவை சொன்னால் போதும், பயிற்சி படுத்துவிடும். முதல் பாடத்தை அவரையே எடுக்க வையுங்கள்.

அழகுக்குச் செலவழிப்பது

தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று ஆராய்ந்த ஃப்ரெட் டேவிஸ் 1989லேயே காட்டிவிட்டார்: எளிமையைவிடப் பயன்தான் ஆளை இழுக்கும். அதனால் அழகில் கொட்டும் பணத்தை வேலைக்கு உதவும் பாடத்தில் போடுங்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் போடுவது

வேண்டாம்.